புதுமையின் எல்லை

கடைவீதியில் காய்கறி வாங்கித் திரும்புவோர் கையில் அண்மைக்காலம் வரை தவறாது காணப்பட்ட பொருள் பிளாஸ்டிக் பை. அதன் எடை ஐந்தாறு கிராம் அளவே. அது தாங்கும் பண்டத்தின் எடையோ பல கிலோ. ஊதினால் பறக்கும் இச்சிறு பையைப் பார்த்து, ‘இஃது ஓர் அரிய கண்டுபிடிப்பு’ என்று வியப்பார் இலர். கண்டுபிடிப்பு என்றதும் நீராவி இயந்திரமும் மின்விளக்கும் வானொலியும் நினைவுக்கு வருமேயன்றிப் பை வருவதில்லை. ஆயினும், 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காப்புரிமை அலுவலகம் இப்பைக்கு 3180557 என்னும் எண்ணிட்டுக் காப்புரிமை வழங்கிற்று. அவ்வுரிமையைப் பெற்றது சுவீடன் நாட்டு நோர்ஷோப்பிங் நகரில் இயங்கிய செல்லோபிளாஸ்ட் என்னும் நிறுவனம். பையின் அமைப்பை வகுத்தவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாவ் துலின் என்பார். அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது 1962இல். உரிமை கிடைத்தது 1965இல். இடைப்பட்ட காலத்தில் அவ்விண்ணப்பம் ஆய்வுக்கு உட்பட்டது. பை என்பது மனிதன் தோலையும் நாரையும் தைக்கக் கற்ற நாள் முதலாக உள்ள பொருளன்றோ? அதில் புதிதாக என்ன இருத்தல் கூடும்? அதனை அளந்தறிவது எங்ஙனம்?

‘பேட்டண்ட்’ என்று வழங்கும் காப்புரிமை, அரசுக்கும் கண்டுபிடித்தவனுக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை ஆகும். முற்காலத்தில் தொழில் நுட்பங்கள் பெரும்பாலும் மறைபொருளாகவே இருந்தன. தந்தை மகனுக்கு மட்டும் உரைப்பான். மகன் இல்லையேல் அந்நுட்பம் அவனோடு மாயும். இவ்வாறு அழிந்த கைத்தொழில்கள் எத்தனையோ! இவ்விழப்பைத் தவிர்க்கும் பொருட்டு, அரசு கண்டுபிடித்தவனை நோக்கி, ‘நீ அறிந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதிக் கொடு, குறித்த சில ஆண்டுகள் வரை உன் இசைவின்றி வேறு எவரும் அதனைச் செய்யாதவாறு காப்பேன், அதன்பின் அஃது எல்லார்க்கும் பொது’ என்று கூறுகின்றது. வெனிஸ் நகரத்தார் 1474ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்று செய்தனர்.

உடன்படிக்கை நன்றே. ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. பழைய பொருளையே புதியது என்று சொல்லி ஒருவன் உரிமை பெற்றுவிட்டால், நேற்றுவரை ஊரார் அனைவரும் தடையின்றிச் செய்துவந்த தொழில் இன்று ஒருவன் கைக்குள் அடங்கும். இங்கிலாந்தில் இக்கேடு நேர்ந்தது. உப்பு விற்கும் தனியுரிமையையும் சீட்டுக்கட்டு விற்கும் தனியுரிமையையும் அரசியார் தமக்கு வேண்டியவர்க்கு வழங்கினார், பொருள்களின் விலை ஏறிற்று, மக்கள் முணுமுணுத்தனர். சீட்டுக்கட்டுத் தனியுரிமை செல்லாது என்று 1602இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1624இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, புதிய தொழில்முறைக்கு மட்டும், அதுவும் 14 ஆண்டுகளுக்கு மட்டும், தனியுரிமை தரலாம் என்று வரையறுத்தது.

அமெரிக்க நாட்டின் பட்டறிவும் இத்தகையதே. 1790இல் அந்நாட்டார் செய்த முதற் சட்டத்தின்படி மூன்று உயர் அலுவலர் கூடி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்தனர். அவருள் ஒருவர் பின்னாளில் நாட்டின் தலைவரான தாமஸ் ஜெபர்சன். அரசியல் அலுவல்களுக்கிடையே இப்பணி பெருஞ்சுமையாயிற்று. எனவே 1793இல் ஆய்வையே கைவிட்டு, கேட்டவர்க்கெல்லாம் பதிவுசெய்து கொடுக்கும் முறையை மேற்கொண்டனர். விளைவு யாது? பிறர் செய்ததைப் படியெடுத்தவரும் உரிமை பெற்றனர், ஒரே பொருளுக்குப் பலர் உரிமை பெற்றனர், வழக்குகள் மலிந்தன. நாற்பதாண்டுக்கு மேல் இத்துன்பத்தைப் பட்ட பின்னரே, 1836இல், இதற்கென்றே தேர்ந்த ஆய்வாளரை அமர்த்தும் சட்டம் பிறந்தது. துலினின் பை சென்று நின்றது அத்தகைய ஆய்வாளர் ஒருவரின் முன்னிலையில்தான்.

பையின் அமைப்பை அறிந்தாலன்றி ஆய்வின் நுட்பம் விளங்காது. அதற்குரிய பாலிதீன் என்னும் பொருள் 1933இல் இங்கிலாந்தில், நார்த்விச் நகரை அடுத்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில், எதிர்பாராத வகையில் தோன்றியது. பாசெட், கிப்சன் என்னும் இருவர் எத்திலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வைத்து வேறொன்றை நாடிச் சோதித்தபோது, கலத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருள் படிந்திருக்கக் கண்டனர். இப்பொருளை உருக்கி, வளையம் போன்ற இடுக்கின் வழியே வெளிச்செலுத்தி, உள்ளே காற்றை ஊதினால், மெல்லிய நீண்ட குழாய் ஒன்று உருவாகும். அக்குழாயைத் தட்டையாக்கிச் சுருட்டி வைப்பர். துலின் கையாண்டது இக்குழாயையே.

அவர் செய்ததை மனக்கண்ணால் காண்க. தட்டையான குழாயின் இருபக்கங்களும் துருத்தியின் மடிப்புப்போல உள்நோக்கி மடிக்கப்படுகின்றன. பின்னர், வேண்டிய நீளத்தில் குறுக்கே சூடான பட்டையை அழுத்தினால் ஏடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கீழும் மேலும் இவ்வாறு ஒட்டிய பின்னர் கிடைப்பது நான்கு புறமும் அடைபட்ட ஓர் உறை. அதனுள் ஒன்றையும் இட இயலாது; அதனைத் தூக்கப் பிடியும் இல்லை. இப்பொழுது மேற்பகுதியின் நடுவில் குடைவாக ஒரு வெட்டு. அவ்வளவே! வெட்டிய இடம் பையின் வாயாகத் திறக்கின்றது. வெட்டாது விட்ட இரு ஓரங்களும் இரு கைப்பிடிகளாக நிற்கின்றன. வாயைத் திறந்த வெட்டே பிடியையும் படைத்துவிட்டது. பிடி தனியே செய்து பொருத்தப்பட்டதன்று. பையின் உடலே மேல்நோக்கி நீண்டு பிடியாயிற்று. ஆதலால் பிடி பையோடு சேருமிடத்தில் தையலும் இல்லை, பசையும் இல்லை. பக்க மடிப்பினால் பிடியில் ஏடுகள் பல அடுக்கி நிற்பதால் வலிமையும் மிகுந்தது. விரித்துப் பார்த்தால் கையில்லாத பனியனை ஒத்திருக்கும் இவ்வுருவை அறியாதார் இலர்.

பையின் மேல் பூவும் கொடியும் தீட்டிக் கண்ணுக்கு இனிமையாக்கினால், அத்தோற்றத்துக்கு வேறு வகைப் பதிவு உண்டு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் அதனைக் கவனிக்கின்றது. காப்புரிமை நாடுவது அழகை அன்று, தொழிற்படும் அமைப்பை.

இனி, விண்ணப்பம் எவ்வாறு எழுதப்படும் என்பதைக் காண்போர், தமிழ் நூல்மரபை அறிந்தாராயின் வியப்படையார். நூலின் முகப்பில் வரும் சிறப்புப் பாயிரம், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், நுதலிய பொருள், பயன் முதலியவற்றை உரைக்க வேண்டும் என்பது நன்னூலாரின் முறை. காப்புரிமை விண்ணப்பமும் கண்டவன் பெயரைச் சொல்லும், பொருளின் பெயரைச் சொல்லும், இதற்கு முன் வழங்கிய முறைகளும் அவற்றின் குறைகளும் யாவை என்று வழியைச் சொல்லும், பயனைச் சொல்லும், படம் வரைந்து விளக்கும். இறுதியில் கோரிக்கைகள் வரும். இவையே விண்ணப்பத்தின் உயிர்நிலை. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே வாக்கியமாக, சூத்திரம்போல் அமைதல் வேண்டும் என்பது அந்நாட்டு மரபு. நிலப்பத்திரத்தில் செக்குபந்தி எழுதி நான்கெல்லை குறிப்பதுபோல, உரிமை எதுவரை செல்லும் என்பதைக் கோரிக்கையின் சொற்களே வரையறுக்கின்றன.

இங்கே ஒரு விந்தை உண்டு. கோரிக்கையில் சொற்கள் கூடக் கூட உரிமை குறுகும். ‘கைப்பிடியுள்ள பை’ என்று மட்டும் ஒருவன் கோரினால், உலகிலுள்ள பிடிவைத்த பைகள் எல்லாம் அவனுடையனவாகும். ‘பிளாஸ்டிக்கால் ஆன கைப்பிடியுள்ள பை’ என்றால் எல்லை சுருங்கும். ‘பக்கங்கள் உள்மடிந்த குழாயால் ஆகி, மேலும் கீழும் சூட்டால் ஒட்டப்பட்டு, நடுவில் வெட்டப்பட்ட பை’ என்றால் இன்னும் சுருங்கும். மிக அகலமாகக் கோரினால் பழைய பொருள்களின் மேல் முட்டி வீழ்ந்துபடும். மிகக் குறுக்கிக் கோரினால் அயலான் சிறிது மாற்றிச் செய்து தப்பிவிடுவான். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் நூலுக்குக் குற்றம் என்பர் இலக்கண நூலார். இங்கோ அக்குற்றத்துக்குத் தண்டம் பொருளிழப்பாகவே வந்து சேரும்.

ஆய்வாளர் முதலில் பழையன தேடுகின்றார். பைகளின் வரலாறு அவர்முன் ஏடேடாக விரிகின்றது. தட்டையான அடி உள்ள தாட்பையை இயந்திரத்தால் செய்யும் முறைக்கு மார்கரெட் நைட் என்னும் அம்மையார் 1871இல் உரிமை பெற்றிருந்தார். அவருடைய மாதிரி இயந்திரத்தைக் கண்ட அன்னன் என்பவன் முந்திக்கொண்டு தன் பெயரில் விண்ணப்பிக்க, அம்மையார் தம் வரைபடங்களையும் சான்றாளர்களையும் கொண்டுவந்து வழக்காடி உரிமையை மீட்டார் என்பது தனிக்கதை. பக்கங்கள் மடிந்த தாட்பை செய்யும் இயந்திரத்துக்கு சார்லஸ் ஸ்டில்வெல் 1883இல் உரிமை பெற்றார். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்து மளிகைக் கடைக்காரர் வால்ட்டர் டியூபனர், தாட்பையின் அடியைச் சுற்றிக் கயிறு ஓட்டி, அக்கயிற்றையே மேலே பிடியாக்கினார். இவை யாவும் துலினுக்கு முற்பட்டவை. ஆக, உள்மடிப்பு பழையது, கைப்பிடி பழையது, பிளாஸ்டிக் ஏட்டைச் சூட்டால் ஒட்டுவதும் 1962இல் தொழிலுலகம் அறிந்ததே.

எனில், புதியது எது? இவ்விடத்தில் ஆய்வாளரின் கேள்விகள் படிப்படியாக எழுகின்றன. கோரிக்கையில் சொன்ன உறுப்புகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த பொருள் முன்னரே ஏதேனும் ஓர் ஆவணத்தில் உள்ளதா? உளதாயின் புதுமை இல்லை. விண்ணப்பம் அவ்வளவோடு முடியும். இலதாயின், அடுத்த கேள்வி கடினமானது: பழைய உறுப்புகளை இவ்வாறு ஒன்றுசேர்ப்பது அத்தொழிலில் பழகிய எவனுக்கும் எளிதில் தோன்றக்கூடியதா? 1952ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இக்கேள்வியை வெளிப்படையாக எழுதி வைத்தது.

இக்கேள்வியின் கடுமை, விடையை அறிந்தபின் கேட்கப்படுவதில் உள்ளது. விடுகதையின் விடை தெரிந்தவனுக்கு விடுகதை எளிது. பையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஒரு வெட்டு வெட்டினால் வாயும் பிடியும் ஆகும், இதில் என்ன அருமை?’ என்று கேட்பது யார்க்கும் கூடும். அவ்வெட்டு அதற்குமுன் பிறர்க்குத் தோன்றவில்லையே, ஏன்? ஆய்வாளர் தம்மைப் பழைய காலத்தில் நிறுத்திக்கொண்டு, பையைக் காணாதவர்போல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஃது எளிய பயிற்சியன்று. நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்த தமிழ் ஆசிரியர், வழிநூல் முதல்நூலை ஒட்டிச் சென்றாலும் தான் வேண்டிய வேறுபாட்டை உடையதாதல் வேண்டும் என்றனர். கண்டுபிடிப்புகளுள் முதல்நூல் போன்றவை மிகச் சில. பெரும்பாலன வழிநூல்களே. அவ்வேறுபாடு தக்கதா, வெறும் சொல்மாற்றமா என்று அக்காலத்து அரங்கேற்ற அவையில் புலவர் வினவியது போன்றதே ஆய்வாளரின் வினாவும்.

ஆய்வாளர் மறுத்தால் விண்ணப்பித்தவர் விடை கூறலாம்; கோரிக்கையைத் திருத்திக் குறுக்கலாம். ஆனால் ஒருமுறை விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது. இதனை 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று தெளிவாக்கிற்று. அதுவும் சிறிய பொருள் ஒன்றைப் பற்றிய வழக்கே. பூச்சிமருந்து தெளிக்கும் குழலுக்கு, அனுப்பும் வழியில் மருந்து கசியாதபடி இறுக்கும் பிளாஸ்டிக் மூடி ஒன்றை ஸ்காகின் என்பவர் அமைத்தார். முதலில் அவர் அகலமான கோரிக்கைகளை எழுதினார். ஆய்வாளர் பழைய காப்புரிமைகளைக் காட்டி மறுத்தார். அவற்றைக் கைவிட்டு, மூடியின் உள்ளே கசிவைத் தடுக்கும் விளிம்பு இன்ன வகையில் அமைந்தது, மூடிக்கும் குப்பியின் தோளுக்கும் இடையே இடைவெளி உண்டு என்னும் சிறு வேறுபாடுகளை மட்டும் கோரி உரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமையை உடைய குக் கெமிக்கல் நிறுவனத்துக்கும் கால்மர் நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டபோது, உரிமையின் எல்லை பழைய அகலத்துக்கு விரிந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்ட எல்லையே எல்லை என்றது. அவ்வெல்லைக்குள் எஞ்சிய வேறுபாடுகளும் தொழிலறிந்தார்க்கு எளிதில் தோன்றக்கூடியனவே என்று கூறி உரிமையை நீக்கியது. மூடி மிகுதியாக விற்பனையாயிற்று என்ற வாதமும் அதனைக் காக்கவில்லை.

இந்தியாவிலும் இவ்வளவுகோல் உண்டு. விடுதலைக்குப் பின் நாட்டின் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959இல் அறிக்கை அளித்தவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய இராசகோபால ஐயங்கார். அவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டே 1970ஆம் ஆண்டின் சட்டம் எழுந்தது. அறிந்த கருவிகள் தத்தம் பழைய தொழிலையே தனித்தனியே செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமனே சேர்த்தோ மாற்றியோ வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று அச்சட்டம் கூறுகின்றது. பாத்திரங்களைக் கடைசல் செய்கையில் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்குப் பெறப்பட்ட உரிமை, பட்டறையில் இயல்பாக நிகழும் சீர்திருத்தமே என்று கருதப்பட்டு 1978இல் இந்திய உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. இங்கு உரிமைக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். கொல்கத்தாவில் தலைமையிடம் கொண்ட காப்புரிமை அலுவலகத்தின் கிளைகளுள் ஒன்று சென்னையில் உள்ளது. உரிமை வழங்குமுன் விண்ணப்பம் வெளியிடப்படும். அதனைக் கண்டு, ‘இது பழையது’ என்று சான்றோடு மறுத்துரைக்க எவர்க்கும் இடமுண்டு. ஆய்வாளர் ஒருவரின் கண் காணாததை ஊரார் கண் காணட்டும் என்னும் இவ்வேற்பாடு போற்றத்தக்கதே.

துலினின் பை ஆய்வைக் கடந்தது. உரிமை கைவந்ததும் செல்லோபிளாஸ்ட் பல நாடுகளில் தொழிற்சாலை நிறுவிற்று. பிறர் அப்பையைச் செய்ய இயலாதபடி அது தனித்தோங்கியது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள், அஃதாவது 1982 வரை, அது நிலைத்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர் வழங்கிய உரிமை அசைக்கவொண்ணாத மலையன்று. பின்னர் எவரும் அதனை எதிர்க்கலாம். மொபில் என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் அவ்வாறு எதிர்த்து, 1977இல் அமெரிக்க நாட்டில் அவ்வுரிமையை வீழ்த்தியது. வேலி நீங்கியதும் பலர் உள்ளே புகுந்தனர். 1982இல் குரோகர், சேப்வே என்னும் பெரிய வணிக நிலையங்கள் இப்பையை ஏற்றன. தாட்பைக்கு ஆகும் செலவினும் இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆகவே அது விரைந்து பரவிற்று.

அதன்பின் நிகழ்ந்தவற்றை இக்காலத்தார் நன்கு அறிவர். சாக்கடைகளை இப்பைகள் அடைத்தமையால் வெள்ளத்தால் இடர்ப்பட்ட வங்காளதேசம் 2002இல் இவற்றைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. துலினோ, தாட்பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், ஒரு பையைப் பலமுறை பயன்படுத்தலாம் என்று எண்ணியவர். தாம் வெளியே செல்லும்போது மடித்த பை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்று அவர் மகன் பின்னாளில் தெரிவித்தார். இதில் ஆய்வாளரைக் குறைகூற இடமில்லை. புதியதா, எளிதில் தோன்றாததா, பயனுடையதா என்பவையே அவர் கேட்க வேண்டிய கேள்விகள். ஒருமுறை பயன்படுத்தியபின் மக்கள் அதனை வீதியில் எறிவரோ என்பது அவர் கையிலிருந்த அளவுகோலில் இல்லை. இந்தியச் சட்டத்தில் இக்கேள்விக்கும் ஓரளவு இடமுண்டு: மனிதர், விலங்கு, பயிர் இவற்றின் உயிருக்கும் உடல்நலத்துக்கும், சுற்றுச்சூழலுக்கும் பெருங்கேடு விளைப்பது காப்புரிமைக்கு உரியதன்று என்று அதில் எழுதப்பட்டுள்ளது. ஐந்தாறு கிராம் எடையுள்ள ஒரு பையை முதன்முதல் காணும் ஆய்வாளர், பிற்காலத்தில் அது கோடிக்கணக்கில் பெருகும் என்பதை எவ்வாறு கணிப்பார் என்பது சட்டம் படித்தோர் ஆராய வேண்டிய ஒன்று.

துலினின் விண்ணப்பம் படங்களோடு இன்றும் காப்புரிமை ஆவணங்களுள் இருக்கின்றது. விரும்புவோர் எவரும் எடுத்துப் படிக்கலாம். பாலிதீனுக்கு மாற்றாக மக்கும் பொருள்களால் பை செய்வோரும், துணிபோன்ற புதுவகை ஏடுகளால் பை செய்வோரும் அந்த ஒரு வெட்டாலேயே வாயையும் பிடியையும் அமைத்து வருகின்றனர். அதற்கு யாருடைய இசைவும் அவர்கள் பெறவேண்டுவதில்லை.